சிவநேசன் அண்ணையின் மலிவுத் துவக்கு

செய்தி வந்தபோது நான் ஹரோவில் ரயிலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். "அண்ணை, சிவநேசன் அண்ணை மோசம் போயிட்டார். காலமை நெஞ்சு நோகுது எண்டவராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகமுன்னமே முடிஞ்சுது" என்று எங்கள் சங்கத்துக் குகன் தொலைபேசியில் சொன்னான். துக்கம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. எங்களுக்குள் ஒரு சண்டை பாதியில் நின்றது. பாதியில் எழுந்து போவது அவருடைய பழைய வழக்கம்.

இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் அவருடைய மனைவி மனோ அக்கா. "புகழுறதுக்கு ஆக்கள் இருக்கினம். அவரோடை சண்டை பிடிச்ச ஒரு ஆளும் எழுதவேணும்" என்றார். ஆகவே, அவரோடு பழகியவர்களே, அமரர் பண்பாளர், பொறுமைசாலி என்றெல்லாம் மற்றப் பக்கங்களில் வாசித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த சிவநேசன் அண்ணை வீம்புக்காரர், கஞ்சர், வாய் ஓயாதவர்.

லண்டனில் நமக்குக் கோடை என்றால் விளையாட்டுப் போட்டி. ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்களும் இங்கத்தைய தமிழ் வகுப்புகளும் ஆளுக்கொரு சனிக்கிழமையைப் பிடித்துக்கொள்ளும். எல்லாப் போட்டிகளிலும் ஓட்டங்களைத் தொடக்கிவைத்தவர் அவர்தான். அவை எல்லாவற்றிலும் முடிவுக் கோட்டில் நேரம் எடுத்தவன் நான். அவர் கையில் இருந்தது கார் பூட் சேல் என்ற பழஞ்சாமான் சந்தையில் பாத்திரங்களுக்கு நடுவில் பொறுக்கிய ஒரு கைத்துவக்கு. வெற்றுத் தோட்டா போட்டுச் சுடுவது. சத்தமும் புகையும் வரும், குண்டு வராது. அந்த வகையில் அதைவிட மலிவானது கிடையாது. புதிதாக வாங்கியவர்கள்கூட ஒரு கோடை முடியுமுன் குப்பையில் போட்டுவிடுவார்கள். இவர் அதை வைத்து ஒரு தலைமுறையையே ஓடவைத்தார்.

அது எப்படித் தாங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்டவன் நான்தானே. பிடியில் வெடிப்பு விழுந்தபோது கறுப்பு டேப் சுற்றினார். உள்ளே வில் தளர்ந்தபோது வேறு எதிலிருந்தோ ஒரு வில்லைக் கழற்றிப் பொருத்தினார். தோட்டா உருளை தேய்ந்து தானாகச் சுற்ற மறுத்தது. பெருவிரலால் தள்ளிச் சுற்றப் பழகிக்கொண்டார். ஒருமுறை அதன் திருகாணி புல்லுக்குள் விழ, அஞ்சலோட்டத்தை நிறுத்திவைத்து, வந்திருந்த டாக்டர்களையும் எஞ்சினியர்களையும் முழங்காலில் தவழவிட்டார். "ஆறுதலாத் தேடுங்கோ, மிதிச்சுப்போடாதேங்கோ" என்று மேலே நின்று அதிகாரம் வேறு.

போட்டி முடிந்ததும் அதிகாரிகளின் மேசைக்கு வருவார். எங்கள் மீன் ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்திலேயே துவக்கைப் பிரித்துப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் கரியைத் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் விடுவார். கந்தக நாற்றத்தில் சாப்பிட முடியாது. "என்ன ஐசே முகத்தைச் சுழிக்கிறீர்? விலை கூடின சாமான் எண்டால் ஆக்கள் கவனியாமல் விடுவினம். மலிவுச் சாமானைக் கவனிச்சால்தான் அது எங்களைக் கவனிக்கும். ஜெர்மனியிலை பார்த்தனீரெண்டால்..." என்று தொடங்குவார்; யாரும் அவருக்கு 'ஐசே'தான். லண்டனுக்கு வருமுன் சில காலம் ஜெர்மனியில் இருந்தவர். அந்தச் சில காலம் வாழ்நாள் முழுக்கப் பேசப் போதுமாயிருந்தது. "இது ஒருக்காலும் என்னை ஏமாத்தினதில்லை" என்பது அவர் கடைசியில் சொல்லும் வசனம். உண்மைதான். விசையை இழுத்து அது வெடிக்காமல் போனதை நான் ஒருநாளும் காணவில்லை.

என் மகள் விஷயத்தையும் இங்கே எழுதுகிறேன், மனோ அக்கா கோபிக்கமாட்டார். நூறு மீற்றர் இறுதிப் போட்டி. வெடிக்கு முன் அவள் தோள் அசைந்தது என்று சொல்லி வெளியே நிறுத்தினார். தோள்தான் அசைந்தது, கால் அல்ல. நான் ஓடிப்போய்க் கேட்டேன். "உம்மடை பிள்ளை எண்டு துவக்குக்குத் தெரியாது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அவள் அதற்குப் பிறகு ஓடவில்லை. அவர் செத்துவிட்டார் என்பதற்காக அதை நான் மன்னிக்கப்போவதில்லை.

இப்போது இந்த வருடக் கோடைக்கு வருகிறேன். மே மாதத்தில் வன்னியில் யுத்தம் முடிந்த விதத்துக்குப் பிறகு போட்டி வைப்பதா என்றே சங்கத்தில் வாக்குவாதம் நடந்தது. பிள்ளைகளுக்காக வைப்போம் என்று முடிவாயிற்று. முதல் ஓட்டத்துக்கு வழக்கம்போல் வெடி கேட்டது. தொடக்கக் கோட்டுப் பக்கம் யாரோ விழுந்துவிட்டதாகச் சிறு சலசலப்பு, வெயில் மயக்கம் என்றார்கள், நான் கவனிக்கவில்லை. இரண்டாவது ஓட்டத்துக்கு வெடி இல்லை. விசில் கேட்டது.

நேரம் எடுப்பவர்கள் வெடிச்சத்தத்தை நம்புவதில்லை. சத்தம் மைதானத்தின் மறுமுனைக்குப் பிந்தித்தான் வந்துசேரும். புகையைக் கண்டவுடன் கடிகாரத்தை அழுத்தவேண்டும். விசிலுக்கு ஏது புகை? மைதானத்தின் குறுக்கே ஓடினேன். அவர் துவக்கைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு நின்றார்.

"துவக்கு பழுதாப் போச்சு ஐசே."

எத்தனை வருடம் காத்திருந்தேன் அந்த வார்த்தைக்கு! மைக்குக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்பதைத் தெரிந்துகொண்டே, "மலிவுச் சாமான் கடைசியிலை கழுத்தறுத்திட்டுது, என்ன அண்ணை?" என்றேன். சனம் சிரித்தது. தலையைக் குனிந்துகொண்டார். வாய் ஓயாத மனுஷன் வாயடைத்து நின்றதை அன்று முழுக்க ரசித்தேன். மாலை வரை விசில் ஊதி, கைக்குட்டையை ஆட்டி ஓட்டங்களை நடத்தினார். விசிலும் கைக்குட்டையும் ஒன்றுக்கொன்று முந்திப் பிந்த, ஒரு நேரமும் சரிவரவில்லை. பதியக்கூடிய சாதனை எதுவும் இல்லை.

இலையுதிர்காலக் கூட்டத்தில் நல்ல துவக்கு ஒன்று வாங்கவேண்டும் என்று நானே முன்மொழிந்தேன். "வேண்டாம், விசில் போதும்" என்று அவர் எழுந்தார். கஞ்சத்தனம் சாகும்வரை போகாது என்று சபையில் சொன்னேன். வாக்கெடுப்பில் தோற்றார். போகும்போது என் தோளில் கைவைத்து, "யோசிச்சுச் செய்யும் ஐசே" என்றார். நான் தோளை உதறினேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

செத்தவீட்டுக்குப் பிறகு குட்மேய்ஸில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மனோ அக்கா ஒரு துணிப்பொட்டலத்தைக் கையில் தந்தார். "இது உங்களிட்டைத்தான் போகவேணும்." பிரித்தேன். கறுப்பு டேப், எண்ணெய் மினுக்கம். உருளையைப் பெருவிரலால் தள்ளி, வெறுமையாக இருப்பதைப் பார்த்து, விசையை இழுத்தேன். சுத்தியல் 'டக்' என்று விழுந்தது. மறுபடி இழுத்தேன். மறுபடியும் விழுந்தது.

"அக்கா, இது பழுதெண்டு சொன்னவரே?"

"பழுதோ? உதுக்கென்ன பழுது? கண்ணை மூடுறதுக்கு முதல் கிழமையும் எண்ணெய் விட்டு வைச்சவர்." பொட்டலத் துணியை மடித்துக்கொண்டே சொன்னார். "அண்டைக்கு முதல் வெடியோடை, வன்னியிலையிருந்து வந்த பிள்ளை ஒண்டு தன்ரை குழந்தையை அமத்திக்கொண்டு புல்லிலை குப்புற விழுந்து படுத்திட்டுது. இவர்தான் போய்த் தூக்கினவர். வீட்டை வந்து சாப்பிடேல்லை. 'இனி இதைச் சுடமாட்டன்' எண்டார்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் நீங்கள் மைக்கிலை சொல்லுவியள். பிறகு எல்லாச் சனமும் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும். அதுதான் துவக்கிலை பழியைப் போட்டவர்."

அக்கா சொன்னது சரி, நான் மைக்கில்தான் சொல்லியிருப்பேன். அதனால் கோபம் இன்னும் கூடுகிறது. அந்த மனுஷனிடம் பெருமைப்பட இருந்ததே அந்தத் துவக்கு ஒன்றுதான். அதையே என் முன்னால் பழுது என்று சொல்லி, என்னைச் சிரிக்கவிட்டு நின்றிருக்கிறார். அவரிடம் நான் ஒருமுறைதான் வென்றேன். அதுவும் பொய்யாகிவிட்டது. இதற்கு யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

அந்தப் பெண் யாரென்று தெரிந்தவர்கள் உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்துக்கு வாங்கிய புதுத் துவக்கு பெட்டி பிரிக்காமல் என் அலுமாரியில் இருக்கிறது, கடையில் திருப்பிக் கொடுக்கப்போகிறேன். பழையதை வைத்துக்கொள்கிறேன். சுடுவதற்கல்ல, ஆனால் அதற்கு எண்ணெய் விடவேண்டும், விடாவிட்டால் அந்த மனுஷன் என்னை விடமாட்டார். அடுத்த கோடைக்குத் தொடக்கக் கோட்டில் நிற்க வேறு ஆள் இல்லை. நான்தான் நிற்கவேண்டும், விசிலோடு. முடிவுக் கோட்டிலிருந்து யாராவது புகை எங்கே என்று கத்துவார்கள். துவக்கு பழுதாப் போச்சு என்பேன்.