நாலு எழுத்து கூடும்

என் தங்கை போராடி ஜெயித்தவை இவை: அருவிக்குப் போகும் வழியில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாளோடு. பேருந்து நிலையத்துத் தகவல் மையத்தின் ஜன்னலுக்கு வெளியே, வெயிலில் நிற்பவர்களுக்காக ஒரு தகரக் கூரை. ஊரெல்லாம் ஒட்டிய சுவரொட்டியில் ஒரே ஒரு சொல்லுக்குத் திருத்தம். அருவியில் இன்று தண்ணீர் உண்டா இல்லையா என்று தினமும் சொல்லும் பலகை.

தாழ்ப்பாளுக்கே எத்தனை நடை! கட்டியவர்கள் கதவை வைத்தார்கள், தாழ்ப்பாளை மறந்தார்கள். கேட்டால், கூட வந்தவர் யாராவது வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாமே என்றார்கள். நிரந்தர வேலை இந்தப் பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் கதை.

நான் எட்டாவதோடு நின்றவன். பேருந்து நிலையத்திலிருந்து அருவி அடிவாரத்துக்கு வேன் ஓட்டுகிறேன். தங்கை பட்டம் வாங்கியவள். சின்ன வயதிலேயே கடைப் பலகையில் ஓர் ஒற்று விட்டுப்போனால் கடைக்காரரிடமே போய்ச் சொல்லிவிட்டு வருவாள். ஊர் அவளுக்கு ‘திருத்தி’ என்று பெயர் வைத்தது. கேலிக்கு வைத்த பெயர்தான். எனக்கு மட்டும் அது பட்டம் மாதிரி.

எங்கள் ஊருக்கு ‘வளரும் சுற்றுலாத் தலம்’ என்று அறிவிப்பு வந்தது. சாலை வரும் என்று பார்த்தோம், விளம்பரக் கம்பெனி வந்தது. அதிலிருந்து வந்தவருக்கு ட்ரோன்காரர் என்று பெயராகிவிட்டது. அவர் கண் எப்போதும் ஆகாயத்தில்தான் இருக்கும், கால் எப்போதும் சேற்றில். அருவி பொங்கி விழும் மழைக்காலத்தில் படம் பிடித்துக்கொண்டு போனார். கோடையில் ஒரு தடவை வந்து பாருங்கள் என்று தங்கை சொன்னாள். எதற்கு என்று கேட்டாராம்.

தகவல் மையம் என்பது ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி. தங்கை அங்கே தற்காலிக ஊழியர். அறிவிப்பு, பதில், வழிப்படம் எல்லாம் அவள் எழுதுவாள். கீழே ‘அலுவலர்’ என்று முத்திரை விழும். அவள் பெயர் எங்கேயும் வராது. அந்த வருடம் அவளை நிரந்தரமாக்கும் கோப்பு நகர்ந்து நகர்ந்து அலுவலர் மேசைக்கே வந்துவிட்டது. வீட்டில் நாங்கள் சத்தமாகப் பேசக்கூடப் பயந்தோம், அது பறந்துவிடும் என்று.

அந்த நேரத்தில்தான் சுவரொட்டி வந்தது. மலை மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் அருவி என்று சொல்லத்தான் நினைத்திருக்கிறார்கள். அச்சானது இது: ‘மறைந்த அருவி உங்களை அழைக்கிறது!’

மறைந்த தலைவர், மறைந்த நடிகர் என்று தினமும் செய்தித்தாள் படிக்கிற ஊர். காலையில் முதல் பேருந்தின் நடத்துநர் தங்கையின் ஜன்னலுக்கு வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டார்: “எப்பம்மா மறைஞ்சது? போன வாரம்கூட நல்லாத்தானே இருந்துச்சு.”

“திடீர்னுதாங்க. இப்ப எல்லாரையும் கூப்பிடுதாம்” என்றாள் தங்கை.

சிரித்தது அத்தோடு சரி. நேரே அலுவலரிடம் போய், ‘மறைந்திருக்கும்’ என்று மாற்றச் சொன்னாள். ட்ரோன்காரர் அங்கேதான் இருந்தார். நாலு எழுத்து கூடுகிறதே, டிசைன் கெட்டுவிடுமே என்றார். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நாலேதான் கூடுகிறது. நாலெழுத்து படித்தவர்களுக்கு இன்னும் நாலு எழுத்தைச் சேர்க்க இடமில்லை!

கோடை வந்தது. வருடா வருடம் போல அருவி வற்றியது. பாறையில் கறுப்பாக ஒரு தடம், அடியில் வாளி அளவு தண்ணீர். இப்போது சுவரொட்டி சொன்னது சரியாகிவிட்டது. ஆனால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். போகும்போது என் வேனில் பாட்டும் சிரிப்பும், திரும்பும்போது என் முதுகுக்கு வசவு. படம் எடுத்தது நானா, சொல்லுங்கள்.

ஒரு நாள் முழங்கால் வலியோடு ஒரு பெரியவர் வந்தார். சாவதற்குள் ஒரு அருவியைப் பார்க்க வேண்டும் என்று மகளிடம் கேட்டிருக்கிறார். படியெல்லாம் ஏறிப் பாறையைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் திட்டவில்லை. ஜன்னலுக்கு வந்து தங்கையிடம், “உனக்குத் தெரியும்தானேம்மா?” என்று மட்டும் கேட்டார்.

தங்கை உடனே போய், தண்ணீர் இல்லை என்று அறிவிப்பு வைக்க அனுமதி கேட்டாள். தண்ணீர் இல்லை என்று நாமே சொன்னால் யார் வருவார்கள் என்று அலுவலர் எரிந்து விழுந்தார். பிறகு குரலைத் தணித்து, உன் கோப்பு என் மேசையில்தான் இருக்கிறது என்பதை ஞாபகப்படுத்தினார்.

சாயங்காலம் வேனில் வீட்டுக்குப் போகும்போது நானும் அதைத்தான் சொன்னேன். “ரெண்டு மாசம் வாயை மூடிக்கிட்டு இரு பாப்பா. வேலை கைக்கு வரட்டும். அப்புறம் ஊரையே திருத்து.”

“நீ முதுகைக் காட்டி உக்காந்திருக்கேண்ணே. அந்த ஜன்னல்ல மூஞ்சியைக் காட்டி உக்காந்திருக்கறது நான்.”

நான் கியரை மாற்றினேன்.

மறுநாள் அவளே ஒரு தாளில் எழுதி ஜன்னலில் ஒட்டினாள்: ‘இப்போது அருவியில் தண்ணீர் இல்லை. மழை வந்த பிறகு வாருங்கள். பாறையையும் காட்டையும் பார்க்க விரும்புகிறவர்கள் போகலாம்.’ அலுவலர் வந்து பார்த்தார், கிழித்தார். பயணிகள் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே சொன்னார்: “கையெழுத்து இல்லாத தாள் குப்பை. என் முத்திரை இதுக்குக் கிடையாது.”

தங்கை அவர் எதிரிலேயே இன்னொரு தாளை எடுத்து அதே வாசகத்தை எழுதினாள். கீழே, முத்திரை விழ வேண்டிய இடத்தில், தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள். வரிசையில் நின்ற ஒருவரிடம் பசை டப்பாவைக் கொஞ்சம் பிடிக்கச் சொல்லிவிட்டு ஒட்டினாள். கையெழுத்து இருந்ததால் அலுவலர் அதைக் குப்பை என்று சொல்ல முடியவில்லை. கிழிக்கவும் கை வரவில்லை, வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே போய்க் கோப்பை எடுத்து, ‘ஒழுங்கு குறித்துப் பரிசீலிக்க’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. அலுவலர் மாறிவிட்டார். மேசை மாறவில்லை.

ஆனால் அந்தத் தாளை யாரோ படம் எடுத்துப் பரப்பினார்கள். இப்படி உண்மை சொல்கிற ஊரும் உண்டா என்று ஜனங்கள் ஆச்சரியப்பட்டார்கள். கிளம்பும் முன்னே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். தாள் பலகையானது. மழைக்காலத்தில் முன்னைவிடக் கூட்டம். கோடையிலும் பாறை பார்க்க, விஷயம் தெரிந்தே சிலர் வந்தார்கள், திட்டாமல் திரும்பினார்கள். அந்தப் பெரியவரும் மழை முடிந்து மகளோடு மறுபடி வந்தார். அன்று நான் வேனை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, அவரைக் கைத்தாங்கலாகப் படியேற்றிக் கூட்டிப் போனேன்.

கம்பெனியும் இறங்கி வந்தது. புதுச் சுவரொட்டியில் ‘மறைந்திருக்கும்’ என்றே அச்சடித்தார்கள். டிசைன் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இத்தோடு நான் சும்மா இருந்திருப்பேன். போன மாதம் கம்பெனி ஒரு வழவழப்பான கையேடு போட்டிருக்கிறது. அதில் அந்தப் பலகையின் படம், கீழே, ‘எங்கள் நேர்மைத் திட்டம், தொடக்கம் 2020’ என்று. தங்கைக்குக் காட்டினேன். ‘நேர்மைத்’ என்பதில் ஒற்றைச் சரியாகப் போட்டிருக்கிறார்களே என்றாள், அவ்வளவுதான். அவளுக்கு வராத கோபம் எனக்கு வந்தது. ஒற்று சரி. வருடம் தப்பு, ஆளும் தப்பு.

அவள் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை நான்தான் பிளாஸ்டிக் உறையில் போட்டு வேனின் முன்கண்ணாடி ஓரத்தில் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம். என் தங்கை தான் எழுதியதன் கீழே முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2019 ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை.