பூனைக்கு வாங்கிய சாளை

யுத்த காலத்தில் அரிசி கிடைப்பதே அரிதாக இருந்தபோது, ஊரிலிருந்து எங்களுக்கு ஒரு மூட்டை வந்து இறங்கினால் அது மனிதர்களுக்கு முன்னால் எலிகளுக்குத் தெரிந்துவிடும். தாமிரபரணிக் கரையில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் வாடகை வீடு. மூட்டையின் அடியில் எலி போட்ட ஓட்டை, அரிசியோடு கலந்து கிடந்த புழுக்கை, என் மனைவி அதை முறத்தில் பொறுக்கி எறிந்துவிட்டு அதே அரிசியை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவி உலையில் போட்டது, இதெல்லாம் நினைவுக்கு வந்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அந்த எலிகளுக்காகத்தான் பூனை வளர்த்தோம்.

சாம்பல் நிறக் குட்டி. அப்போது எட்டு வயதான என் மகள் அதைத் தன் பாவாடைக்குள் வைத்துக்கொண்டே திரிந்தாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். எங்கள் வீட்டில் சாப்பிடுவதைத்தானே பூனைக்கும் போட முடியும்? தயிர்ச் சோறு போட்டோம். பால் தட்டுப்பாடு வந்த பிறகு மோர்ச் சோறு போட்டோம். மூன்று மாதத்தில் அதன் முதுகில் மயிர் உதிர்ந்து சொறி தெரிந்தது. கண்ணில் பீளை கட்டியது. நாசரேத்திலிருந்து வந்து எங்கள் ஆபீசில் வேலை பார்த்த ஒருவர், பூனைக்கு மீன் இல்லாவிட்டால் கண் அவிந்துபோகும் என்றார். நான் அதை வீட்டில் சொன்னது தப்பு. என் மகள் அன்று இரவு முழுவதும் அழுதாள்.

எங்கள் குலத்தில் யாரும் மீனைத் தொட்டதில்லை. போதாததற்கு, என் ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சங்குக் கிடங்கு இருந்தது. கடலில் எடுத்த சங்கை அங்கே குவித்துப் போட்டு, உள்ளே இருக்கும் சதை அழுகிக் கழன்று வரும் வரை வைத்திருப்பார்கள். ஈ மொய்த்துக்கொண்டு கருப்பாகக் கிடக்கும் அந்தக் குவியலைத் தாண்டித்தான் நான் தினமும் போய் வரவேண்டும். மேல்துண்டை மூக்கில் பொத்திக்கொண்டு நடப்பேன். கடலிலிருந்து வருவது எதுவானாலும் அழுகல்தான், அதில் நல்லது கெட்டது என்று இரண்டு கிடையாது என்பது என் முடிவு.

தெருமுனையில் ஒரு மீன்காரி கூடையோடு உட்கார்ந்திருப்பாள். எதிரே சாத்தான்குளத்து அண்ணாச்சியின் பலசரக்குக் கடை. எங்கள் உறவுக்காரர்களும் அங்கேதான் சாமான் வாங்குவார்கள். ஆகையால் நான் மீன்காரி முன்னால் போய் நின்றதும் முதல் வார்த்தையாக, கடைக்குக் கேட்கும்படி, "பூனைக்கு" என்பேன். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு ஓலைக் கொட்டானைக் கைநீள நீட்டுவேன். அவள் கூடையின் ஒரு மூலையிலிருந்து மூன்று நான்கு சாளையை எடுத்துக் கொட்டானில் போடுவாள். தேடவே மாட்டாள். எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறாள், மரியாதை தெரிந்தவள் என்று நான் நினைத்தேன்.

வீட்டு முன்வாசல் வழியாக மீன் வரக்கூடாது. கொல்லைக் கதவைத் திறந்து, கிணற்றடிக்கு அப்பால் கிடந்த ஒரு சிரட்டையில் கொட்டானைக் கவிழ்த்துவிட்டு, நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வேன். கொட்டானுக்குள் ஒருநாளும் பார்த்ததில்லை. என் மகள் மீனைத் தொடக்கூடாது, ஒரு குச்சியால் தள்ளிக் கொடுக்கலாம் என்று உத்தரவு.

முதல் சில நாள் பூனை தின்றது. பிறகு தின்னவில்லை. சிரட்டையை முகர்ந்துவிட்டு, அசிங்கத்தை மூடுவதுபோல் காலால் மண்ணைத் தள்ளி அதன்மேல் போட்டது. என் மகள் வந்து சொன்னாள். பசித்தால் தின்னும் என்றேன். ஊரே அரிசிக்கு வரிசையில் நிற்கும்போது இதற்கு ராங்கியைப் பார் என்றாள் என் மனைவி. அடுத்த நாளும் அது தின்னவில்லை. இவ்வளவு அருவருப்பையும் விழுங்கிக்கொண்டு நான் வாங்கி வருவதை ஒரு பூனை மண் போட்டு மூடுகிறதே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"இன்னைக்கு இது திங்கலேன்னா, நாளைக்குக் கடக்கரையில கொண்டு விட்டுருவேன்" என்று என் மகளிடம் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் அவள் வாந்தி எடுத்தாள். வயிறும் போனது. முகம் சிவந்து, உதடு வீங்கி, வாய்க்காலோரம் கிடக்கும் துணிபோல் துவண்டுவிட்டாள். அந்த மாதம் ஊரில் காலரா இருந்தது. பக்கத்துத் தெரு டாக்டரை நானே ஓடிப் போய் அழைத்து வந்தேன். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, நேற்று என்னென்ன சாப்பிட்டாள், வெளியில் ஏதாவது வாங்கித் தின்றாளா, மீனோ கருவாடோ உண்டா என்று கேட்டார். மகள் சுருண்டு கிடக்கும் அந்த நேரத்திலும் எனக்கு ரோஷம் வந்தது. நாங்கள் சைவம், இந்த வீட்டு அடுப்பில் அதெல்லாம் ஏறாது என்றேன். அப்படியானால் காலராவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஊருக்கு வெளியே காலராக் கொட்டகைக்கு அனுப்ப வேண்டும், வண்டிக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவர் எழுந்தார். அந்தக் கொட்டகைக்குப் போனவர்களைத் தெருவுக்குத் தெரியும். திரும்பி வந்தவர்கள் யாரும் என் நினைவுக்கு வரவில்லை.

வீட்டு வேலைக்கு வருகிறவள் வாசலோடு திரும்பிவிட்டாள். வாந்தி எடுத்த பாத்திரத்தை நானே கொல்லைக்குக் கொண்டுபோனேன். கொட்டும்போது, மஞ்சள் தண்ணீரில் ஏதோ பளபளத்தது. குனிந்து பார்த்தேன். விரல் நகம் அளவுக்குச் செதில் ஒட்டிய தோல். அதோடு மயிர்போல் இரண்டு முள். விரலால் எடுத்துப் பார்த்தேன்.

அப்போது என் மனத்தில் முதலில் தோன்றியதை இங்கே எழுதத்தான் வேண்டும். இது காலரா இல்லை, குழந்தை பிழைத்துவிடுவாள் என்று தோன்றவில்லை. மீன் தின்றிருக்கிறாள் என்றுதான் தோன்றியது. உள்ளே போய் நின்று அவளைப் பார்த்தேன். சிரட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்திருக்க வேண்டும். அவள் அதைக் கண்டுகொண்டாள்.

"திங்கலப்பா" என்றாள். "பூனைக்குத் தின்னு காட்டுனேன். அம்மா எனக்குக் காட்டுவாள்லா, அப்படி. உள்ள போயிட்டு."

பாகற்காய் வேண்டாம் என்று அவள் அடம் பிடிக்கும்போது, இங்கே பார், அம்மா சாப்பிடுகிறேன் என்று ஒரு கவளம் வாயில் போட்டுக் காட்டுவது என் மனைவியின் வழக்கம். இவள் பூனைக்கு அதைச் செய்திருக்கிறாள். அடிப்பேன் என்று பயந்து, டாக்டர் கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை.

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பக்கத்து வீட்டுல என்னமோ குடுத்துட்டாங்கன்னு சொல்லிருவோமா?" என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதே பொய்யைத்தான் நானும் மனத்துக்குள் கட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. அந்தத் தோலையும் முள்ளையும் ஒரு பூவரச இலையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

வண்டியைப் பார்த்து அண்ணாச்சி கடையில் நின்றவர்கள் எல்லாம் தெருவுக்கு வந்திருந்தார்கள். டாக்டர் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் காதோடு சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும், எல்லோருக்கும் கேட்கும்படி, "மீன் தின்னுருக்கா" என்றேன்.

என்ன மீன், யார் வாங்கியது என்று கேட்டார். சாளை, நான்தான், பூனைக்காக என்றேன்.

"பூனை தின்னுச்சா?"

"இல்ல. மண்ணப் போட்டு மூடிட்டு."

"பூனைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

கொல்லைக்கு வந்து சிரட்டையைக் காலால் தள்ளினார். கவிழ்ந்த இடத்தில் மீன் கூழாகிக் கிடந்தது. அதற்குள் வெள்ளைப் புழு நெளிந்தது. அந்த மீனிலிருந்து ஒரு துண்டு என் மகளின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. நான் கிணற்றடியிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். டாக்டர் எனக்காகக் காத்திருக்கவில்லை. வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு உள்ளே போய், கெட்டுப்போன மீனின் விஷம் என்று சொல்லி மருந்து கொடுத்தார். உப்புக் கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார். மூன்றாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து பூனையைக் கேட்டாள்.

அன்று மீன்காரியிடம் சண்டை போடுவதற்கென்றே போனேன். நான் வாயைத் திறக்கும் முன்னால், புள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. புழுத்த மீனை என் தலையில் கட்டிவிட்டாயே என்றேன்.

"நீருதானய்யா பூனைக்கு பூனைக்குன்னு தெருவே கேக்கச் சொன்னீரு" என்றாள். "பூனைக்குன்னா கழிச்சுப் போட்டதத்தான் குடுப்போம். முந்தாநாத்து மிச்சம் எல்லாம் அந்த மூலையில கெடக்கும். நல்லதாக் குடுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா தராமலா போயிருப்பேன்?"

எல்லாமே நாறும்போது நல்லது எது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"செவரப் பாத்துக்கிட்டு வாங்குனா எப்படித் தெரியும்? நல்ல மீனு நாறாதுய்யா." ஒரு சாளையை எடுத்துச் செவுளை நகத்தால் நெம்பிக் காட்டினாள். உள்ளே ரத்தச் சிவப்பு. இன்னொன்றை எடுத்தாள். அதன் செவுள் ஊறிப்போன சாக்குபோல் பழுப்பாக இருந்தது. "இதத்தான் இத்தன நாளும் கொண்டுபோனீரு. இந்தா, நீரே பாரும்."

கூடைமுன் குந்தினேன். சுட்டுவிரலைச் செவுளுக்குள் விட்டேன். சில்லென்று, வழவழவென்று, உள்ளே அரம்போல் உரசியது. விரலை எடுக்காமல் உள்ளே பார்த்தேன். சிவப்புதான். அதற்கு அடுத்ததையும் பார்த்தேன்.

எதிர்க் கடையிலிருந்து அண்ணாச்சி, "என்ன பிள்ளைவாள், பூனைக்கா நமக்கா?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"வீட்டுக்கு" என்றேன்.

இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. பூனைக்கு மயிர் அடர்ந்துவிட்டது, கண் தெளிந்துவிட்டது. இன்றும் நான்தான் மீன் வாங்குகிறேன், ஒவ்வொன்றின் செவுளுக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறேன். அருவருப்பு ஒரு துளியும் குறையவில்லை. பூனை தின்னத் தொடங்கும் வரை சிரட்டைக்குப் பக்கத்திலேயே நிற்பேன். பிறகு சாம்பலும் புளியும் போட்டுக் கையைத் தேய்ப்பேன், குளிப்பேன், மகளோடு சாப்பிட உட்காருவேன். அவள் முதல் கவளம் எடுக்கும் முன்னால் அவள் தட்டைத் தூக்கி மோந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. தட்டில் தயிர்ச் சோறுதான் இருக்கிறது. ஆனால் என் விரலில் மிச்சமிருக்கும் மீன்தான் மூக்கில் ஏறுகிறது. சோறு நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எனக்குப் பிடிபடுவதில்லை. மறுபடியும் மோந்து பார்க்கிறேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, நான் தட்டைக் கீழே வைக்கும் வரை காத்திருக்கிறாள்.