முப்பத்தெட்டு, நாற்பது

கணவன் தன்னை நெருங்க விடவில்லை என்றால் ஒரு பெண் முதலில் யாரைக் குற்றம் சொல்வாள் என்று நினைக்கிறீர்கள்? தன்னைத்தான். அப்படித்தானே பெண்களை வளர்த்து வைத்திருக்கிறோம்! ஒரு தையல்காரியும் இரண்டு வருஷம் அதையே செய்தாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் தைத்துக்கொண்டிருந்த துணிக்கடைக்கு லிஃப்டைச் சரிசெய்ய வந்தவர், ஒரே சட்டைக்கு மூன்று முறை அளவு கொடுக்க வந்தார்.

"மூணு வாரத்துல மார்பு வளராதுங்க," என்றாள், நாடாவைச் சுற்றிக்கொண்டே. "மூச்சை நல்லா விடுங்க."

"நீங்க இவ்வளவு கிட்ட நின்னா எங்க விடுறது?"

கடையே சிரித்தது. அவள் அவருக்கு 'லிஃப்டு' என்றே பேர் வைத்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகும் ஒவ்வொரு சட்டைக்கும் அளந்தாள். எப்போதும் முப்பத்தெட்டுதான். ஆனாலும் அளந்தாள்.

சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபின் ஒருநாள் அவர், "பழைய சட்டையையே பிரிச்சு லூசாக்கிக் கொடு," என்றார். அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தார்.

தையல் பிரிக்கும்போதெல்லாம் அவளுக்கு உறுத்தும். ஆள் இளைத்துக்கொண்டே போகிறார். சட்டை மார்பில் மட்டும் எப்படிப் பிடிக்கும்? ஒரு மத்தியானம் நாடாவோடு எதிரே நின்றாள்.

"லிஃப்டு, கையைத் தூக்குங்க."

"வேணாம்."

"தூக்குங்கன்னா!"

மார்பு நாற்பது. இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. அவர் இரு கைகளாலும் மார்பை மூடிக்கொண்டார்.

"ஆம்பளைக்கு வர்றதா இந்த மார்பு? ஆசையும் செத்துப்போச்சு. உன்கிட்ட எந்த வாயால சொல்றது?"

"நான் உங்களுக்குச் சலிச்சுப்போயிட்டேன்னுல்ல நினைச்சேன், பாவி மனுஷா!"

மறுநாளே அவரைக் கிட்னி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா, "பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் புரோலாக்டின் ஏறியிருக்கு, ஆம்பளை ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன் இறங்கியிருக்கு. அதான் மார்பு வளருது, ஆசை குறையுது. கிட்னி போனவங்கள்ல நிறைய பேருக்கு வர்றதுதான். நீங்க போடுற வாந்தி மாத்திரையும் புரோலாக்டினை ஏத்தியிருக்கும், மாத்திப் பார்ப்போம். ஏன் சொல்லவே இல்லை?" என்றார்.

"நீங்க ஏன் கேக்கவே இல்லை டாக்டரம்மா? எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சார்னு வாராவாரம் கேட்டீங்களே!"

டாக்டரம்மா சீட்டில் பழைய மாத்திரையை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார்.

மாத்திரை மாறியது. எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. ஆனால் புதுச் சட்டைக்கு அவரே கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"மூச்சை நல்லா விடுங்க."

"கொஞ்சம் கிட்ட வா, விடுறேன்."

உங்கள் வீட்டிலும் டயாலிசிஸுக்குப் போகிறவர் இருக்கலாம். டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த முறை, "ஹார்மோனையும் பாருங்க," என்று நீங்களே கேளுங்கள். வெட்கப்படாமல், சத்தமாகக் கேளுங்கள்.