தாமதமாக வந்த குரல்

அக்கா இறந்து நான்கு மாதம் கழித்து அவளுடைய லேப்டாப்பைத் திறந்தேன். கழக்கூட்டத்தில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் வாங்கியது. கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது அதுதான். ஆபீசில் அவளுக்கு வேறு கம்ப்யூட்டர் உண்டு. இது கரமனையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கும். அந்த மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டாள்.

நான் அப்போது வீட்டிலிருந்தபடி மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் செய்துகொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஏதோ ஒரு டாக்டர் தன் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்திருப்பார். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். என்னுடைய கம்ப்யூட்டர் ஒரு இடியில் பழுதாகிவிட்டதால்தான் அக்காவின் லேப்டாப்பை எடுத்தேன்.

முதல் நாளே அது நடந்தது. ஹெட்போனில் ஒரு கிழட்டு டாக்டர் யாருடைய ஈரலைப் பற்றியோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் குரல் தேய்ந்து நின்றது. திரை உறைந்தது. பிறகு என் காதுக்குள் அக்கா பேசினாள்.

“எம்... எம்மா... மணி நாலாச்சு...”

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். ஒயர் கழன்றுவிட்டது. மிச்சக் குரல் கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது.

“பிரஷர் குளிகை முழுங்கினியா? பெறவு முழுங்குதேன்னு சொல்லாத.”

அம்மா மாத்திரையை மறந்துவிடுகிறாள் என்று அக்கா தன் குரலையே அலாரமாகப் பதிந்து வைத்திருந்தாள். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அடுக்களையிலிருந்து ஓடிவந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. லேப்டாப்பைப் பார்த்துத்தான் சொன்னாள்:

“இன்னா முழுங்குதேன் மக்கா.”

அன்று முதல் அம்மா தினமும் ஒரு டம்ளர் தண்ணீரோடு மேசைக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். லேப்டாப்பில் ராம் வெறும் 256 எம்பி. என் வேலைக்கான புரோகிராம்கள் ஓடும்போது அலாரத்துக்கு இடமே இருக்காது. மூச்சுத் திணறித் திணறி எப்போதாவது வரும். சில நாள் நாலேகாலுக்கு, சில நாள் விளக்கேற்றும் நேரத்துக்கு. குரல் இழுத்துக்கொண்டு, நடுநடுவே அறுந்து, எங்கோ தூரத்திலிருந்து பேசுவதுபோல இருக்கும்.

“மணி ஆச்சும்மா, நீயே முழுங்கிடேன்” என்றேன் ஒருநாள்.

“வரட்டும். கழக்கூட்டத்துலேர்ந்து வரணும்லா? ரோடு முழுக்க லாரி.”

சாதாரணமாகத்தான் சொன்னாள்.  விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. அதன் பிறகு நாலு மணி நெருங்கினாலே என் விரல்கள் தடுமாற ஆரம்பித்தன. அந்நிய டாக்டர்களின் குரல்களுக்கு அடியில் அவள் காத்திருப்பதுபோல இருந்தது.

கோப்புகளைத் தாமதமாக அனுப்புகிறேன் என்று கம்பெனியிலிருந்து இரண்டு முறை எச்சரிக்கை வந்தது. பழவங்காடியில் மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு லேப்டாப்பை எடுத்துப் போனேன். கடைக்காரர் மலையாளி, என் வயதுதான் இருப்பார். சிறிது நேரம் தட்டிப் பார்த்தார்.

“ரெண்டு வழியுண்டு சேச்சி. ஆன் ஆகும்போ தானா ஓடுற புரோகிராம் நெறைய கிடக்கு. இந்த அலாரம் எல்லாம் களைஞ்சா போதும், கொஞ்சம் ஸ்பீடு ஆகும். இல்லேங்கில் ராம் கூட்டணும். பழைய மெஷின், அதுக்கு செலவாக்கணுமான்னு நீங்க தீருமானிங்க.”

“ராம் மாத்தினா உள்ள இருக்கிறது எதாவது போயிருமா?”

“சே, ஒண்ணும் போகாது. ராம்ல ஒண்ணும் நிக்காது. ஆஃப் பண்ணினா அது எல்லாம் மறந்திரும்.”

நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை வீட்டுக்கே கொண்டுவந்தேன். அலாரத்தை அழித்துவிடலாம் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

“அப்பம் அவ எங்கேருந்து பேசுவா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் போய் ராம் போட்டுக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு லேப்டாப் வேறு ஜாதியாக ஓடியது. டாக்டர் பேசப் பேச எழுத்து விழுந்தது. அம்மா தண்ணீரோடு வந்து உட்காருவதற்கு முன்பே, சரியாக நாலு மணிக்கு, அக்கா தெளிவாக, வேகமாக, ஒரு திணறலும் இல்லாமல் பேசி முடித்துவிட்டாள். அம்மா அடுக்களை வாசலிலேயே நின்றாள். நான் ஒலியைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். குனிந்து கேட்டாள்.

“இது ரிக்கார்டு பண்ணினது” என்றாள்.

“முன்னாடியும் அதுதானம்மா.”

அவள் மாத்திரையை விழுங்கிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ஒரு வாரம் பார்த்தேன். மூன்றரைக்கே அவளாக மாத்திரையைப் போட்டுவிட்டு, நாலு மணிக்குத் துணி எடுக்கப் பின்கட்டுக்குப் போய்விடுவாள். அக்கா ஆளில்லாத கூடத்தில் பேசிவிட்டு நிறுத்துவாள். கடைசியில் அம்மாவே சொன்னாள்:

“அதை நிறுத்திரு மக்ளே. எனக்குக் கேக்க முடியல.”

நிறுத்தினேன். அழிக்கவில்லை.

அலாரக் கோப்பைத் தேடும்போதுதான் அதே ஃபோல்டரில் ஒரு வீடியோவைப் பார்த்தேன். முன்பு இரண்டு முறை அதைத் திறந்து, திரை உறைந்து, விட்டிருந்தேன். இப்போது ஓடியது. விழிஞ்ஞம் கடற்கரை, பின்னால் படகுகள். அக்கா ஒரு தெருவோரத் தட்டுக்கடை முன் நின்று பொரித்த மீனைக் கையால் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். விரலில் வழிந்த எண்ணெயை நக்கினாள். எங்கள் வீட்டுக்குள் மீன் வந்ததே கிடையாது. கேமராவைப் பார்த்து முகம் சுளித்து, “எடுக்கண்டா, கேட்டோ” என்று படமெடுக்க வேண்டாமென மலையாளத்தில் சொல்லிச் சிரித்தாள். கேமராவைப் பிடித்திருந்தவனும் சிரித்தான். “ஒன்னுகூடி” என்று இன்னும் ஒன்று கேட்டான். அவள் மீன் துண்டை அவன் பக்கம் நீட்டினாள். படம் ஆடி, மணலைக் காட்டி, முடிந்தது.

அம்மா எப்போது வந்து என் பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை.

“இவ மீன் திம்பாளா?”

“தெரியாதும்மா.”

“அந்தப் பையன் யாரு?”

“தெரியாது.”

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்கா இறந்த அன்று ஆபீசிலிருந்து வேனில் ஏகப்பட்ட பேர் வந்திருந்தார்கள். மழையில் கேட்டுக்கு வெளியே குடையோடு நின்றார்கள். யார் முகத்தையும் நாங்கள் பார்க்கவில்லை.

“அவனும் வந்திருப்பானோ?” என்றாள் அம்மா. “வந்தவங்களுக்கு ஒரு வாய் காப்பிகூட நம்ம குடுக்கல்லியே.”

பிறகு அந்தச் சிரிப்பு வரும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.