ஏழடித் தகரம்

எங்கள் கிணற்றடி மூலையில் நிற்கும் தகரக் கொட்டகையின் கூரையில், ஓரத்திலிருந்து ஓரடி உள்ளே நீளமாக ஒரு ஒட்டு ஓடுகிறது. மழைக்கு ஒழுகுகிறது, கூரையையே மாற்றிவிடலாம் என்று மகன் வருஷாவருஷம் சொல்கிறான். நான் விடுவதில்லை. காரணம் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஐம்பது வருஷத்துக் கோபம்.

என் கணவரின் அக்காவை மதினி என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான மூன்றாம் வருஷமே கணவரைப் பறிகொடுத்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பி வந்தவர். அத்தனை பெரிய வீட்டில் அவருக்கென்று ஒரு அலமாரிகூடக் கிடையாது. பின்கட்டுத் தோட்டம் மட்டும் அவர் கையில் இருந்தது. நாங்கள் தின்ற கத்தரிக்காயும் அவரைக்காயும் அவருடைய உழைப்பு. மண்வெட்டி, ஏணி, விதை டப்பாக்களை நனையாமல் வைக்க, தானும் கொஞ்சம் உட்கார, கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே கிடந்த மூலையில் ஒரு கொட்டகை கேட்டார். நான் மருமகளாக வந்த பிறகு அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அறுபதுகளின் கடைசி அது. மாமனார் சரி என்றதும் மதினியே கயிறு பிடித்து அளந்தார். துவைகல்லைத் தொடாமல் ஏழடி கிடைத்தது. திருப்பத்தூருக்கு பஸ் ஏறிப் போய், கடைக்காரர் அலுத்துக்கொள்ளும்வரை தட்டித் தட்டிப் பார்த்து, ஏழடித் தகரங்களாகப் பொறுக்கி எடுத்தார். அவை வண்டியில் வந்து இறங்கிய அன்று மதினி சிரித்ததைப் பார்த்தேன்.

கொத்தனார் அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டும்போதுதான் மாமனார் மனையடி சாஸ்திரப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறடி செல்வமாம், ஏழடி வறுமையாம், எட்டடி யோகமாம். எட்டடிக்கு இடமில்லை. "ஆறா வெட்டிக்கிரலாம்த்தா. வீட்டுக்கு ஆகாததச் செய்யலாமா?" என்றார்.

"ஏணியே ஆறரை அடிப்பா. அத எங்குட்டு வைக்கிறது?" என்று மதினி கேட்டார்.

"நீ வந்து உக்காந்ததே போதும். இதுல ஏழடி வேறயா?"

இதைக் கொத்தனார் முன்னால் சொன்னார். மண்வெட்டி சாத்தும் கொட்டகைக்கு என்ன மனையடி? நானும் அங்கேதான் நின்றேன், வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் என்மேல். ஒவ்வொரு தகரத்திலும் ஓரடி வெட்டி எறிந்தார்கள். மதினி அந்தத் துண்டுகளைப் பொறுக்கி மதிலோரம் அடுக்கிவைத்தார். கொட்டகை எழும்பியது. ஏணி அரையடி வெளியே நீட்டிக்கொண்டு கதவைச் சாத்தவிடவில்லை. குறுக்கே சாய்த்தால் அவர் உட்கார இடமில்லை.

நாலு வருஷம் கழித்துக் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்தது. வைக்கக் கொட்டகைதான் தோது என்றார்கள். மதினியின் சாமான்கள் கொய்யா மரத்தடிக்குப் போயின. "ஆறடிக்குள்ள மோட்டாரும் பைப்பும் எப்படி அடங்கும்? சொவத்தத் தள்ளி ஏழாக்கிருங்க" என்றார் அதே மாமனார், அதே கொத்தனாரிடம். புத்தகம் பீரோவை விட்டு வெளியே வரவே இல்லை. மோட்டாருக்கு ஆகிற ஏழடி, பெற்ற மகளுக்கு ஆகவில்லை!

கூரைக்குத் தகரம் குறைகிறதே என்று கொத்தனார் தலையைச் சொறிந்தார். மதினி அந்தத் துண்டுகளைத் தூக்கிவந்து தன் அப்பாவின் காலடியில் வைத்தார். "இந்தாங்கப்பா. அன்னைக்கு வெட்டச் சொன்னீகளே, அதுதான். ஒண்ணும் குறையல." மாமனார் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதினி போய்ப் பல வருஷமாகிறது. ஆழ்குழாய் போட்டதும் மோட்டாரும் போய்விட்டது. போன வாரம் அவருடைய ஏணியைக் கொட்டகைக்குள் நீளவாக்கில் வைத்துப் பார்த்தேன். கதவு சாத்திக்கொண்டது. பக்கத்தில் முக்காலி போட இடமும் இருந்தது. போட்டு உட்கார்ந்தேன். தலைக்கு மேலே அந்த ஒட்டு. இவ்வளவுதானே கேட்டார்.