விளக்குக்கு வைத்த பொட்டு

நண்பர்களே, நகரசபைத் தேர்தல் ரிசல்ட் பார்த்திருப்பீர்கள். குத்துவிளக்குச் சின்னத்தில் நின்ற நம்ம பாலக்கரை டெய்லர் ரத்தினம் சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் தோற்றுவிட்டார்.

"தோத்ததுகூடப் பரவாயில்லை. என் தெருவே எனக்குப் போடலையே," என்று நேற்று கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் போனார்.

இன்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அவர் தெருக் கமலம் அக்கா.

"ரத்தினம் தோத்துட்டாராமே தம்பி? நான் விளக்குக்குத்தான் போட்டேன்."

"முத்திரையைச் சரியாக் குத்தினீங்களா அக்கா?"

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்கு மேல கறுப்பு மையைக் குத்துவாங்களா? நெத்திக் குங்குமத்தைத் தொட்டுப் பொட்டு வெச்சு, மடிச்சுப் போட்டேன். எங்க தெருப் பொம்பளைங்க எல்லாரும் அப்படித்தான் தம்பி."



ஓட்டு எண்ணும்போது ரத்தினத்தின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தவன் நான். சிவப்புக் கறை பட்ட சீட்டுகளைச் செல்லாது என்று தள்ளியபோது, வெற்றிலைச் சாறு என்று சிரித்தவனும் நான். "விளக்கு மகாலட்சுமிங்க, மறந்துடாதீங்க" என்று வீடு வீடாகச் சொன்னவனும் நானேதான்.

இறங்கி நேராக ரத்தினத்திடம் போய்ச் சொன்னேன். தையல் மெஷினில் போன ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. அதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை யாரும் பொட்டு வைக்காத சின்னமாகப் பார்த்து வாங்க வேண்டும். நம்ம ஊரில் அப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.