செக்லிஸ்டில் ‘அண்ணே’ இல்லை

போன வாரம் பினாங்கில் இறங்கினோம். நல்ல மழை. வேலை முடிந்து, துணை பைலட்டான நானும் கேப்டனும் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வருகிறோம். சாமான் எடுக்கும் இடத்தில் ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பாரிட் புந்தார்க்காரர்.

“கேப்டன் தம்பி, அந்த மழையிலயும் பூ மாதிரி எறக்கிட்டீங்க லா. நல்லா இருக்கணும்.”

“இவர்தாம்மா கேப்டன். இவர்தான் எறக்குனாரு. நான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன்.”

அந்த அம்மா கேப்டனை மேலும் கீழும் பார்த்தார். முப்பது வயதுச் சீன இளைஞர். மீசைகூட இல்லை.

“வெளையாடாதீங்க தம்பி,” என்று சொல்லிவிட்டுத் தன் பெட்டியைத் தேடப் போய்விட்டார்.

நரைத்த மீசைக்குக் கிடைக்கிற மரியாதை அது. முன்பெல்லாம் எனக்கும் பிடிக்கும். இப்போது அந்த மரியாதையைக் கண்டால் பயமாக இருக்கிறது.

ஏன்?

நான் சுங்கை சிப்புட்டில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நாற்பது வயதுக்குமேல் லோரியை விற்று, ஈப்போவில் விமானம் ஓட்டப் படித்தேன். “இந்த வயசுல இது தேவையா” என்று இன்னமும் மெசேஜ் போடுகிறீர்கள். தேவை. ஆசை இருந்தது, போனேன். வேறு பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. உள்ளூர் விமானக் கம்பெனி ஒன்றில் அப்போது பைலட் பற்றாக்குறை. அதனால்தான் எனக்கும் கதவு திறந்தது. திறமை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன்.

ஆனால் கதவு திறந்தால் மட்டும் போதாதே... எழுபது பேர் உட்காரும் அந்த விமானத்தைத் தொடுவதற்குமுன் சுபாங்கில் சிமுலேட்டரில் தேற வேண்டும். தரையில் நிற்கும் பொய் விமானம் அது. ஆனால் வியர்வை நிஜம். இரண்டிரண்டு பேராக உட்கார வைப்பார்கள். ஒருவர் ஓட்டுவார். மற்றவர் கவனிப்பார். கவனிப்பவர் சும்மா இருக்க முடியாது — வேகம் குறைந்தால் குறைகிறது என்று சொல்ல வேண்டும். நிலைமை கெட்டால் ‘கோ அரௌண்ட்’ என்று சொல்ல வேண்டும். அதாவது, இறங்காதே, மேலே ஏறு, ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வா.

எனக்கு ஜோடியாக வந்தவள் ஷாமினி. தைப்பிங் பெண். இருபத்தாறு வயது. என்னைவிட நூறு மடங்கு நன்றாக ஓட்டுவாள். முதல் நாளே “அண்ணே, சாப்ட்டீங்களா” என்று கேட்டவள்.

ஒரு நாள் நான் ஓட்டுகிறேன். ஓடுபாதை முன்னால் தெரிகிறது. எப்படியாவது இறக்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. வேகம் விழுந்துகொண்டிருக்கிறது. நான் பார்க்கவில்லை.

“அண்ணே... ஸ்பீட் கொஞ்சம் பாத்துக்கிறீங்களாண்ணே?”

நான் கையைக் காட்டினேன். இரு, இரு என்று.

“அண்ணே, கொஞ்சம் எறங்குற மாதிரி இருக்குண்ணே...”

மறுபடியும் கையைக் காட்டினேன். அடுத்து திரை முழுக்கச் சிவப்பு. ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதிவிட்டோம்.

பின்னால் உட்கார்ந்திருந்த பயிற்றுநர் ஓய்வுபெற்ற மலாய் கேப்டன். அதிகம் பேசாத மனிதர். விளக்கைப் போட்டுவிட்டு ஷாமினியிடம் கேட்டார்.

“அண்ணே என்றால் என்ன? அது எந்தச் செக்லிஸ்டில் இருக்கிறது?”

அவள் மெதுவாக, மலாய்ச் சொல்லிலேயே, “அபாங் மாதிரி, கேப்டன்,” என்றாள்.

“ஓ, அபாங். இங்கே அபாங் கிடையாது. ஓட்டுகிறவர், கவனிக்கிறவர் — இரண்டு பேர்தான். அடுத்த வாரம் தேர்வு. அதிலும் இதே கதை என்றால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்.”

வெளியே வந்ததும் அவளிடம் கத்தினேன்.

“ஒனக்கு வாயில்லையா?”

“சொன்னேனேண்ணே. ரெண்டு தடவ சொன்னேன்.”

“அது சொல்றதா? மாமியார் வீட்டுல சீனி கேக்குற மாதிரி இருந்துச்சு.”

“நீங்கதான் கையக் காட்டுனீங்க. இதுக்கே இப்படிக் கத்துறீங்க. உள்ள கத்துனா நான் என்னண்ணே பண்றது?”

அவள் கேட்டது சரிதானே? அவளுக்கு வயது இருக்கிறது. இங்கே தவறினால் இன்னொரு கம்பெனி கூப்பிடும். என்னை யார் கூப்பிடுவார்கள்? லோரியும் இல்லை. அதைவிடக் கேவலம், என் வாய்க்குப் பயந்து ஒரு நல்ல பைலட் தோற்கப்போகிறாள்.

அந்தச் சனிக்கிழமை அவளைச் சுங்கை சிப்புட்டுக்கு வரச்சொன்னேன். ரயில் நிலையத்திலிருந்து காரில் ஏற்றிக்கொண்டேன். திட்டம் இதுதான்: நான் காரை ஓட்டுவேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் தவறுகளை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். என் மனைவி செல்வி பின் சீட்டில். எங்கே போகிறோம் என்று பார்க்க அவளும் ஏறிக்கொண்டாள்.

ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தின் பாதை. இப்போது இரண்டு பக்கமும் எண்ணெய்க்கான செம்பனை. நேர்ப்பாதை, வண்டிகள் குறைவு. நான் வேண்டுமென்றே வேகமாகப் போனேன்.

“ஸ்பீட்... ண்ணே.”

“ண்ணே வேணாம்.”

“வரமாட்டேங்குதுண்ணே.”

“பேரச் சொல்லு. மாணிக்கம்னு சொல்லு.”

“ஐயோ, எங்க அம்மா அடிப்பாங்க.”

பின்னாலிருந்து செல்வி சிரித்தாள். “ரெண்டு பேருக்கும் இதுக்கு ஒரு படிப்பு வேற. நான் கல்யாணமான நாள்லேர்ந்து பின் சீட்டுல இந்த வேலையத்தான் பாக்குறேன். எனக்கு யாரு லைசென்ஸ் குடுத்தா?”

நான் திரும்பிப் பார்த்து அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். சும்மா விடுவேனா?

“அண்ணே,” என்றாள் ஷாமினி, “முன்னால ஒரு லோரி வர்ற மாதிரி... பாத்துட்டீங்கதானே...”

“மாணிக்கம், பிரேக்!”

மிதித்தேன். கார் குறுக்கே திரும்பி நின்றது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி, தோப்பிலிருந்து வெளியே வந்து காரின் மூக்கை உரசாத குறையாகக் கடந்து போனது. லோரிக்காரர் ஏதோ திட்டினார். அவர் திட்டியது நியாயம்.

எனக்கு அதிர்ச்சி லோரியால் மட்டும் அல்ல. கத்தியது செல்வி. என்னை ‘என்னங்க’, ‘இந்தாங்க’ என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிடாதவள். கிளினிக்கில் கணவர் பெயர் கேட்டால்கூட மகளைச் சொல்லவைப்பவள். என் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

“பேரச் சொல்லிட்டியே,” என்றேன்.

“சாவப்போற நேரத்துல என்ன ‘ங்க’ வேண்டிக்கெடக்கு?” என்றாள். ஷாமினியின் தோளைத் தட்டி, “பாத்தியாம்மா, அப்படித்தான். சின்னதா சொன்னா இந்த மனுசனுக்குக் கேக்காது,” என்றாள்.

காரைத் திருப்பினேன். சிறிது தூரம் போனதும் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“மாணிக்கம். ஸ்பீட்.”

குறைத்தேன். இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

தேர்வு நாள். மறுபடி அதே சிமுலேட்டர். ஒரு இன்ஜினை அணைத்துவிட்டார்கள். மழை, காற்று எல்லாம் போட்டார்கள். ஓடுபாதை தெரிந்தது. அதே பழைய வெறி எனக்கு. இறக்கிவிடலாம், இறக்கிவிடலாம்...

“ஸ்பீட்.”

திருத்தினேன். போதவில்லை. கை தானாக மேலே எழுந்தது, இரு என்று காட்ட.

“மாணிக்கம், கோ அரௌண்ட்.”

கத்தவில்லை. கெஞ்சவும் இல்லை. கல் மாதிரி ஒரு குரல். தூக்கிய கையைக் கீழே இறக்கி, விசையை முன்னால் தள்ளினேன். மேலே ஏறினோம். சுற்றி வந்து இறங்கினோம். சுமாரான இறக்கம்தான். ஆனால் ஓடுபாதையில் இறங்கினோம்.

பயிற்றுநர் விளக்கைப் போட்டார்.

“மாணிக்கமும் செக்லிஸ்டில் இல்லை,” என்றார். பிறகு ஷாமினியிடம், “பரவாயில்லை. கேட்டாரே,” என்று சொல்லிவிட்டு எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார்.

என்னைப் பார்த்துப் பயந்தவர்கள் நிறையப் பேர். லோரி ஷெட்டில், கடையில், வீட்டில். அதைத்தான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் தப்பான பாதையில் போனபோதெல்லாம் அவர்கள் ‘அண்ணே, அண்ணே’ என்று முனகிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். குற்றம் அவர்களுடையதா? கையைக் காட்டியவன் நான். ஷாமினியும் செல்வியும்தான் என் கையைப் பார்க்காமல் பேசினார்கள். நான் பறக்கிற ஒவ்வொரு நாளும் அந்த இருவருக்கும் கடன்பட்டவன்.

ஷாமினி இன்று அதே கம்பெனியில் பறக்கிறாள். உணவகத்தில் பார்த்தால் “அண்ணே, சாப்ட்டீங்களா” என்பாள். விமானத்தில் ஏறிவிட்டால் அண்ணன் கிடையாது.

வீட்டில்தான் நிலைமை மாறிவிட்டது. நான் சத்தம் போட வாயைத் திறந்தால் போதும் — செல்வி அடுப்பைப் பார்த்தபடியே, “மாணிக்கம், கோ அரௌண்ட்” என்கிறாள். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கள் குடியிருப்பான தாமானை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து சேர்கிறேன்.